இரானியின் மேஜையும் பார்சியின் இலையும்

பம்பாய்க்குப் போய்வரும் நம்மவர்களில் பெரும்பாலோர், சௌபாத்தியில் பேல் பூரியும் ரயிலடியில் வடா பாவும் தின்றுவிட்டு, அந்த மகாநகரத்தின் உணவை அறிந்துகொண்டதாகக் கருதி ஊர் திரும்புவதைக் காணும்போதெல்லாம், எனக்கு வருத்தத்தோடு கோபமும் உண்டாகிறது. பாஷை தெரியாது, எதைக் கேட்பதென்று தெரியாது என்று அவர்கள் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. பல தேசத்தாரும் தத்தம் அடுக்களையோடு வந்து குடியேறிய துறைமுகம் அது. பசியும் சிறிது சிரத்தையும் இருந்தால் போதும்.

முதற்பாடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்த மாதுங்காவில், ஏ. ராம நாயக் 1942-இல் ரயில் நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி போர்டிங்கில் இலைச் சாப்பாடு சாப்பிட்டுக் கூச்சம் தெளியுங்கள். பிறகு மால்வணிக் கடையொன்றில் வஞ்சிரம் வறுவலும், தேங்காய்ப்பாலில் கோகம் புளி சேர்த்த சோல் கடியும். ரம்ஜான் இரவுகளில் முகமது அலி சாலை. இவற்றுக்கு ஆசான் வேண்டியதில்லை.

ஆசான் வேண்டியது இரானிக்கும் பார்சிக்கும் உள்ள பேதத்தை உணர்வதற்கே. இவ்விரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு எழுதும் பத்திரிகை விமரிசகர்கள், மேஜையில் உட்கார்ந்தார்களேயன்றி உண்டார்களா என்பதே என் சந்தேகம். பார்சிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குஜராத்தில் வாழ்ந்து, அம்மண்ணின் பாஷையையும் புளிப்பில் இனிப்புக் கலக்கும் சுவையையும் தமதாக்கிக்கொண்டவர்கள். இரானிகளோ, மதத்தால் பெரும்பாலும் அவர்களுக்கு உறவினரேயாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதை அடுத்தும் பாரசீகத்தின் யஸ்த், கெர்மான் பிரதேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தெருமுனைகளில் தேநீர்க்கடை வைத்தவர்கள். ஆகவே இரானியின் உணவு தெருவுக்கு உரியது. வக்கீலும் மூட்டை தூக்குபவனும் ஒரே பளிங்கு மேஜையில் அமர்ந்து உண்பது. பார்சியின் உணவு வீட்டுக்கும் கல்யாணப் பந்திக்கும் உரியது.

ஆதலால் இரானிக் கடையைச் சோதிக்க இறைச்சியைக் கேட்காதீர்கள். ப்ரூன் மஸ்காவைக் கேளுங்கள். நகத்தால் தட்டினால் சத்தம் எழும்படி மேலோடு முறுகியிருக்கும் ரொட்டியைக் குறுக்கே பிளந்து, ஓரம்வரை வெண்ணெய் தடவித் தருவார்கள். அதைச் சாயாவில் தோய்த்து, மேலோடு இளகியும் குழையாமலும் இருக்கும் அந்தக் கணத்தில் வாயிலிட வேண்டும்; தாமதித்தால் வெண்ணெயெல்லாம் சாயாவில் மிதக்கும். பழைய நாற்காலிகளை விலைக்கு வாங்கிப் போட்டுப் புகைப்படத்துக்காகவே ரொட்டியை அடுக்கும் புதுமோஸ்தர் கடைகளில் இது கிட்டாது. அங்கே மேலோடும் மெத்தென்றிருக்கும்.

பார்சிக்கோ சோதனை தன்சாக். பருப்பு வகைகளும் பூசணியும் கத்திரிக்காயும் ஆட்டிறைச்சியோடு கரைந்து குழம்பாகும் இதனை, விருந்தின் சிகரமென்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சுபகாரியங்களில் பார்சிகள் இதைச் சமைப்பதேயில்லை. துக்க வீட்டில் புலாலை விலக்கியபின், நான்காம் நாள் விரதம் முடிப்பது இதைக்கொண்டுதான். மற்றபடி இது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கும் அதன்பின் வரும் உறக்கத்துக்கும் உரியது. கல்யாணத்துக்கு உரியது பாத்ரா நீ மச்சி: கொத்தமல்லியும் தேங்காயும் அரைத்த பச்சைச் சட்னியை வௌவால் மீனில் பூசி, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. பொதியை அவிழ்த்ததும் எழும் மணத்தை முதலில் அநுபவியுங்கள், பிறகு கைவையுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரு விஷயத்தை அந்தரங்கமாகச் சொல்கிறேன். பலார்ட் எஸ்டேட்டில் 1923-இல் இரானிக் குடும்பமொன்று தொடங்கிய பிரிட்டானியாவில், என் பேதம் முழுதும் ஒரே மேஜையில் கலந்துவிடுகிறது. பாரசீகத்துச் சிவந்த பெர்ரிப் பழங்கள் தூவிய புலாவுக்குப் பக்கத்திலேயே பார்சிகளின் ஸாலி போட்டி என்னும் இறைச்சிக் கறியும் வரும். முதல் நாளே அங்கே போகாதீர்கள். தோபி தலாவில் 1904 முதல் இருந்துவரும் கயானியில் சில காலை வேளைகளைக் கழித்து, ரொட்டியைத் தோய்க்கக் கை பழகிய பிறகு போங்கள். புலாவில் அந்தப் புளித்த பழம் பல்லில் படும்போது, அது எந்த வீட்டிலிருந்து வந்ததென்பதை உங்கள் நாக்கே கூறும்.