கோழிக் கோப்பையும் ராஜ ஜாடியும்

2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் சதபீஸ் நடத்திய ஏலத்தில், லியு யிசியன் என்கிற ஷாங்காய் கோடீஸ்வரர் ஒரு சின்ன பீங்கான் கோப்பையை 28 கோடி ஹாங்காங் டாலர் சொச்சத்துக்கு வாங்கினார். அன்றைய கணக்கில் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல். கோப்பை கைக்கு வந்ததும் அதிலேயே டீ ஊற்றிக் குடித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். பலருக்குக் கோபம். எனக்கென்னவோ அவர் செய்தது சரி என்றே படுகிறது. கோப்பை குடிக்கத்தானே?

வாயகலம் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். மிங் வம்சத்து செங்குவா காலத்தில் (1465-1487) ஜிங்தேஜென் நகரின் அரண்மனைச் சூளையில் செய்தது. ஒரு சேவல் திரும்பிப் பார்க்கிறது. பெட்டைக்கோழி குனிந்து எதையோ கொத்துகிறது. கூடவே குஞ்சுகள், ஒரு பாறை, கொஞ்சம் பூ. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளை.

சுலபமாகத் தெரிகிறதா? இல்லை. முதலில், சுடாத மண்ணின் மேல் கோபால்ட் நீலத்தில் மெல்லிய கோடுகள். அதன்மேல் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு. சுமார் 1,300 டிகிரியில் ஒரு சூடு. ஆறியபின் கோட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சை இனாமல் நிரப்பி, குறைந்த உஷ்ணத்தில் இன்னொரு சூடு. கோடு பூச்சுக்கு அடியில், நிறம் மேலே. இரண்டும் பொருந்தியாக வேண்டும். இந்த முறைக்கு தோட்சாய் என்று பெயர்.

இதற்கு நேர் எதிர், பீஜிங் அரண்மனை மியூசியத்தில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு ஜாடி. சியன்லாங் சக்கரவர்த்தி காலத்தது. உயரம் 86 சென்டிமீட்டர். பதினைந்துக்கும் மேற்பட்ட பூச்சு, அலங்கார வகைகளை ஒரே உடம்பில் அடுக்கியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு அதிக உஷ்ணம், சிலவற்றுக்குக் குறைந்த உஷ்ணம். ஒன்று பிசகினால் மொத்தமும் போச்சு. திறமை என்று பார்த்தால் பிரமிப்பு. அழகு என்று பார்த்தால், எல்லா நகையையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வந்த கல்யாணப் பெண். எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே சியன்லாங் பழைய கோழிக் கோப்பையை ரசித்துக் கவிதை எழுதியவர். ரசிக்கத் தெரிந்த மனிதருக்கும் அதிகாரம் வந்தால், ‘இன்னும் ஒண்ணு சேர்த்துப் போடு’ என்று சொல்லத்தான் தோன்றும் போலிருக்கிறது.

இரண்டையும் செய்தது யார்? கோப்பையின் அடியில் இருப்பது ‘மாபெரும் மிங்கின் செங்குவா காலத்தில் செய்தது’ என்ற ஆறு எழுத்து. வரைந்தவன் பெயர் இல்லை. ஜிங்தேஜென்னைப் பார்த்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-ல் எழுதிய கடிதத்தில், ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறுவதாகச் சொல்கிறார். விளிம்பில் வட்டம் போட ஒருவர், பூவுக்குக் கோடு இழுக்க ஒருவர், வண்ணம் தீட்ட இன்னொருவர். மலைக்குத் தனி ஆள், பறவைக்குத் தனி ஆள். கோப்பையும் இப்படிப் பலர் கை பட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்த்தால் ஒரே மனசு வரைந்த மாதிரி இருக்கிறது. ஜாடியிலோ எழுபது பேரும் வரிசையில் நின்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வித்தியாசம் அதுதான்.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. ஜிங்தேஜென்னில் பழைய அரண்மனைச் சூளை இருந்த இடத்தைத் தோண்டியபோது, செங்குவா காலத்துப் பீங்கான் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒரு சின்னப் புள்ளி, லேசான கோணல் என்றாலும் ராஜாவுக்கு ஆகாது. ராஜாவுக்கு ஆகாததை வேறு யாரும் வைத்துக்கொள்ளவும் கூடாது. உடைத்துப் புதைத்துவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பொறுமையாக ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை கோழிக் கோப்பையின் போட்டோவைப் பார்த்தால், விலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு அந்தச் சேவலின் கழுத்துக் கோட்டைப் பாருங்கள். பெயர் போடாதவன் ஒருவன் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கிறான்.