நானி பல்கிவாலா நினைவுப் பேச்சு யாருக்காக?

வழக்கறிஞரும் எழுத்தாளருமான நானி பல்கிவாலா 2002 டிசம்பர் 11 அன்று மும்பையில் காலமானார். அதன்பின் அவர் பெயரால் ஆண்டுப் பேச்சுகள் ஏற்பட்டன. மும்பையில் ஒன்று, நம் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஒன்று. பேசினவர்கள் சாமானியர்கள் இல்லை. நீதிபதிகள், உயர் அதிகாரிகள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். பல்கிவாலாவே ஓர் ஆண்டுப் பேச்சாளர். அவர் பெயரில் நடக்கிற பேச்சை அவர் பேச்சு என்ற படிக்கல்லை வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

1958-இல் மும்பை கிரீன்ஸ் ஹோட்டலில் ஒரு சின்னக் கூடத்தில் மத்திய பட்ஜெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இடம் போதாமல் போய், பிற்பாடு பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாறியது. 1994 வரை பேசினார். லட்சம் பேர் கூடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சரக்கை எண்ணிப் பார்த்து வாங்குகிற எனக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் எண்பதுகளில் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். சாதாரணக் கூட்டம் இல்லை. கையில் குறிப்புச் சீட்டு கிடையாது. வரி விகிதம், விலக்கு, போன வருஷத்துப் புள்ளி விவரம் எல்லாம் மனசிலிருந்தே வரும். சின்ன வயசில் திக்கிப் பேசியவர் என்றால் நம்பவே முடியாது. எனக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் மறுநாள் கடையைத் திறக்கும்போது எந்த வரி நம் தலையில் விழும் என்பது தெரிந்திருந்தது. 1973-74-இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம்! அந்த மாதிரி வரிகளோடு மல்லுக்கு நின்றவர் அவர். கங்காவும் அவருமாக எழுதிய வருமான வரி நூல் 1950-இல் வந்தது, அது நிபுணர்களுக்கு. மைதானத்துப் பேச்சு மற்ற எல்லாருக்கும்.

எங்கள் சமண சமயத்தில் ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்று தானம் நான்கு. பட்ஜெட் பேச்சை நான் சாத்திர தானம் என்பேன். தானம் என்றால் வாங்குகிறவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் இல்லையா?

இப்போது நினைவுப் பேச்சுகளுக்கு வருவோம். 2014-இல் சாஸ்த்ராவில் பேசியவர் உளவுத்துறையின் முன்னாள் இயக்குநர் அஜித் தோவல். பயங்கரவாதம், பாகிஸ்தான் பற்றிய அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பரவியது. பேச்சில் விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல்கிவாலா வாழ்நாளெல்லாம் வாதாடியது அரசின் கைக்கு எல்லை வேண்டும் என்று. அவர் பெயரில் நடந்த பேச்சு அரசின் கை எவ்வளவு நீளலாம் என்பதைப் பற்றியதாக இருந்தது.

மும்பையில் 2023 ஜனவரி 21 அன்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பேசியது வேறு ரகம். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டைத் துருவ நட்சத்திரத்துக்கு ஒப்பிட்டார். அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் அந்தக் கோட்பாட்டின் மேல் கேள்வி எழுப்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார். ஆனால் நட்சத்திரம் என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவோம். அந்தத் தீர்ப்பில் என்ன நடந்தது என்பதுதான் மைதானத்தில் நின்றவனுக்கு வேண்டியது.

நடந்தது இது. காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். வாதாடியவர் பல்கிவாலா. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு. சொத்துரிமையைக் காக்கப் போன வழக்கில் சொத்துரிமை அடிப்படை அம்சமாக நிலைக்கவில்லை. அரசியல் சட்டத்தையே உருமாற்றிவிடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்பது நிலைத்தது. கட்சிக்காரருக்குத் தோல்வி, தேசத்துக்கு ஆதாயம். இதைச் சொன்னால் பல்கிவாலாவின் மதிப்பு குறையாது, கூடும்.

இன்னொன்றையும் சொல்லலாம். 1969-இல் வங்கிகள் தேசியமயமானதை எதிர்த்து வாதாடியவரும் அவரே, 1970-இல் ஜெயித்தார். அரசு உடனே புதுச் சட்டம் கொண்டு வந்து வங்கிகளைத் தன்னிடமே வைத்துக் கொண்டது. என்னைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு வங்கிக் கதவு திறந்தது அந்தத் தேசியமயத்துக்குப் பிறகுதான். வரியில் அவர் எங்கள் பக்கம், வங்கியில் பங்குதாரர் பக்கம். ஒரு பொருளைப் பல கோணத்தில் பார்க்கச் சொல்வது அநேகாந்தவாதம். நினைவுப் பேச்சுக்காரர் பல்கிவாலாவை அப்படிப் பார்த்தால் என்ன?

நம் சங்கத்து நினைவுப் பேச்சுகளுக்கும் ஒரு வார்த்தை. கடைசி அரை மணியைச் சபையின் கேள்விக்கு விடுங்கள். நேரம் இல்லை என்பீர்கள். நாலு பொன்னாடையைக் குறைத்தால் கிடைத்துவிடும்.