வாளும் கைப்பிடிச்சுவரும்

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் சிறைச்சாலைக்காரனின் மனமாற்றத்தையே விரித்துரைப்பர். அவன் கையில் உருவிய வாள் இருந்ததும், பவுலின் குரல் அக்கையைத் தடுத்ததும் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகின்றன. விசுவாச அழைப்பு 31ஆம் வசனத்தில் வருகிறது. உயிர்காக்கும் குரலோ 28ஆம் வசனத்திலேயே எழுகிறது. இவ்வரிசை நோக்கற்பாலது.

இக்குறை பிரசங்க மேடைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் துப்பாக்கிச்சூட்டில் பலர் மடியுந்தோறும், காரணம் மனநோயா, துப்பாக்கியா என்று வாதிடுகின்றனர். மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. மனத்துயர் எந்நாட்டிலும் உண்டு. ஆயுதம் எளிதிற் கிட்டுவதிலேதான் வேற்றுமை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின், ஆஸ்திரேலியா ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் துப்பாக்கி அரிது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி அதை வைத்திருக்க விடுவதில்லை. ஆனால் திராட்சைக்கும் ஏலத்துக்கும் வாங்கிய பூச்சிமருந்து வீட்டு மூலையிலேயே இருக்கிறது. கடனோ குடும்பச் சண்டையோ மூண்ட ஒரு நாழிகையில் அதுவே வாளாகிறது. அந்த நாழிகை கடந்தால் உயிர் தப்பியோர் பலர் மீண்டும் வாழவே விரும்புகின்றனர். இலங்கை 1984 முதல் கடுநஞ்சு மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995இல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் இருபதாண்டுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தமிழக அரசும் 2023இல் ஆறு மருந்துகளை 60 நாள்களுக்குத் தடைசெய்தது.

உபாகமம் 22:8 மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. விழுகிறவனின் மனநிலையை அது ஆராயவில்லை. வீட்டுக்காரனின் பொறுப்பையே வினவுகிறது. நம் பிரசங்கங்களோ விழுந்தவனையே விசாரிக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்திற்கு உட்பட்டவர் எனக் கருதிச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம். கல்லறையருகே நின்று தீர்ப்புக் கூறும் ஆயர் அச்சட்டத்தின் இரக்கத்திற்கும் பின்தங்கிவிடுகிறார்.

மனத்தைத் தேற்றுவது வேண்டாமென்பது நம் கருத்தன்று. வீடு சந்திக்கும் ஆயர் ஜெபிக்கட்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் கொடுக்கட்டும். அத்துடன், மருந்து எங்கே இருக்கிறது என்றும் கேட்கட்டும். அதைப் பூட்டிச் சாவியை அயலாரிடம் ஒப்படைக்கச் செய்வதும் ஆயர் பணியே. வாள் விலகிய பின்னரே சிறைச்சாலைக்காரன் இரட்சிப்பைப் பற்றிக் கேட்டான்.