நித்ய கிரந்தத்தின் முதல் அநுஸந்தானம்

எம்பெருமானார் அருளிச்செய்த ஒன்பது கிரந்தங்களில் மிகக் குறைவாக விசாரிக்கப்படுவது நித்யம். ஸ்ரீபாஷ்யத்துக்குக் காலக்ஷேப கோஷ்டி உண்டு. கீதாபாஷ்யத்துக்கு உபந்யாஸ மேடை உண்டு. கத்யங்களைக் கண்ணீர் மல்க அநுஸந்திப்பார் உளர். நித்யமோ கோயிலாழ்வார் அருகே சந்தனக் கறை படிந்து, ப்ரயோகத்தில் ஐயம் வந்தபோது மட்டும் புரட்டப்படும் சிறு புத்தகமாய் நின்றுவிட்டது. இதனால் விளைந்த நஷ்டம் சிறிதன்று.

ப்ரபந்நனுக்குத் திருவாராதனம் எதற்கு என்னும் கேள்வி இன்று ஸம்ப்ரதாயக் குடும்பங்களிலேயே எழுகிறது. எம்பெருமானே ஸித்தோபாயம், நாம் செய்வது ஒன்றும் உபாயமாகாது, ஆகவே தீர்த்தம் சேர்ப்பதும் மணியடிப்பதும் ஞானம் முதிராதார்க்கு ஏற்பட்ட முதற்படி என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார் விடாமல் செய்கின்றனர். ஆனால் பிள்ளையின் பரீக்ஷை, பெண்ணின் விவாஹம் என்று ஸங்கல்பத்திலேயே ஒரு பலனை முடிந்துவைக்கின்றனர். எதிரெதிராய்த் தோன்றும் இவ்விருவர் கொண்டதும் ஒரே கொள்கை. இருவரும் ஆராதனத்தைக் கருவியாகவே எண்ணுகின்றனர். ஒருவர் வேண்டாத கருவி என்று கீழே வைத்தார். மற்றவர் வேண்டிய கருவி என்று இறுகப் பிடித்தார்.

நித்யத்தின் தொடக்கம் இக்கொள்கைக்கு இடமே தருவதில்லை. அங்கே ஆராதனத்துக்கு அதிகாரியாகச் சொல்லப்படுபவன் பரமைகாந்தி. அதாவது பகவானையன்றி வேறொரு ப்ரயோஜனத்தை அறியாதவன். முதற்படியில் நிற்பவனுக்கு விதித்ததன்று, பெறவேண்டியது வேறொன்றும் இல்லாதவனுக்குச் சொன்னது என்பது இதனாலேயே ஸித்தம். அடுத்து, பாத்திரத்தைத் தொடுவதற்கும் நீராடுவதற்கும் முன்பே ஓர் அநுஸந்தானம் விதிக்கப்படுகிறது. தனக்கே சேஷமாய், தன்னாலேயே நியமிக்கப்படும் இவ்வாத்மாவைக் கொண்டும், தன்னுடையவையேயான தேஹ இந்த்ரிய அந்த:கரணங்களைக் கொண்டும், தன்னுடையவையேயான த்ரவ்யங்களால், தன் ப்ரீதிக்காக, பகவான் தானே தனக்கு இப்போகங்களை ஸமர்ப்பித்துக்கொள்ளத் தொடங்குகிறான் என்பது அதன் கருத்து. செய்பவன் அவன், செய்விக்கும் கரணம் அவனுடையது, பொருள் அவனுடையது, பலனும் அவனுடையது. இத்தனையும் கழிந்த பின் ஆராதகனுக்கு மிஞ்சுவது உடனிருந்து உகப்பது ஒன்றே.

சரமச்லோகத்துக்கு (18.66) எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் அருளிய முதல் யோஜனையை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். தர்மங்களை விடுவதாவது அநுஷ்டானத்தை விடுவதன்று. பலன், என்னுடைய கர்மம் என்னும் அபிமானம், கர்த்ருத்வம் ஆகிய மூன்றையும் விடுவதே என்பது அந்த யோஜனை. 18.4-ன் பாஷ்யத்தில் வகுத்த த்யாகமும் இந்த மூன்றே. பாஷ்யத்தில் ஸித்தாந்தமாக நின்ற அம்மூன்றும் நித்யத்தில் தினந்தோறும் காலையில் மனத்தால் செய்யவேண்டிய காரியமாக இறங்கிவருகின்றன. கத்யங்களும் நித்யமும் பாஷ்யகாரருடையவை தாமா என்று ஐயுற்ற நவீந ஆய்வாளர் சிலர் உண்டு. நடை வேற்றுமையை எடைபோட்ட அவர்கள் இந்தப் பொருளொற்றுமையையும் தராசில் வைத்திருக்கலாம்.

மந்த்ராஸநம், ஸ்நாநாஸநம், அலங்காராஸநம், போஜ்யாஸநம், புநர்மந்த்ராஸநம், பர்யங்காஸநம் என்று ஆறு ஆஸநங்கள். இவற்றுள் ஸ்நாநாஸநத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பல் துலக்கக் குச்சி, நாக்கு வழிக்கக் கருவி, வாய் கொப்பளிக்க நீர், முகம் பார்க்கக் கண்ணாடி, தேய்க்க எண்ணெய் என்று நித்யம் ஒவ்வொன்றையும் விடாது சொல்கிறது. ஜகத்காரணனைப் பற்றிய வாக்யங்களை நூற்றுக்கணக்கான பக்கங்களில் நிர்ணயித்த அதே ஆசார்யர் அந்தக் காரணவஸ்துவுக்குப் பற்குச்சி எடுத்துவைக்கச் சொல்கிறார். இதைக் கண்டு நகைப்பவர் பரத்வத்தைக் கற்று ஸௌலப்யத்தைக் கல்லாதவர். பத்ரம், புஷ்பம், பலம், தோயம் என்னும் கீதா ச்லோகத்தின் (9.26) பாஷ்யத்திலும் இதே பாவம் காணலாம். அவாப்த ஸமஸ்தகாமனானவன், மநோரதத்துக்கும் எட்டாத ப்ரியவஸ்து கிடைத்தாற்போல் அவ்விலையை உண்கிறான் என்று அங்கே அருளினார். அளவு பொருளன்று, சாளக்ராம மூர்த்தியும் ஒரு துளஸீதளமும் உள்ள சிற்றில்லத்தில் குறை ஒன்றும் இல்லை.

இரு கலையாரும் இதில் பிரிந்து நிற்பது காரணம் சொல்லும் அளவிலேயே. ஸ்வாமி தேசிகன் ஆஜ்ஞா கைங்கர்யம், அநுஜ்ஞா கைங்கர்யம் என்று பிரித்து, நித்ய நைமித்திகங்களைப் பகவதாஜ்ஞையாகக் கொண்டார். பாஞ்சராத்ரரக்ஷையின் மூன்றாம் அதிகாரத்தை நித்ய வ்யாக்யானத்துக்கே ஒதுக்கினார். தென்னாசார்யர்கள் உலகத்தார் உய்வதற்கான க்ருபையை முன்னிட்டுப் பேசினர். ஆயினும் சேதநனுடைய முயற்சிக்கு உபாயத்வம் அறவே இல்லை என்ற அந்த மரபில்தான் மணவாள மாமுனிகளின் பேரால் ஜீயர்படி திருவாராதனம் வழங்கிவருகிறது. உபாயமன்று என்று தேறியவர்களே முறையை எழுதிவைத்தனர் என்பதைக் கருத்தில் கொள்க.

எழுதிவைத்ததும் பிற்பாடே. வங்கிப்புரத்து நம்பி திருவாராதன க்ரமத்தை அருளவேண்டும் என்று பலகாலம் ப்ரார்த்தித்தும் அவகாசம் வாய்க்கவில்லை. பின் திருமலையில் எம்பெருமானார் அதையே ஆழ்வான் முதலானோர்க்கு உபதேசித்திருக்கையில் நம்பி அங்கே வந்து நின்றார். சிஷ்யனைக் கண்டு ஆசார்யனான தமக்கு அச்சம் பிறந்தது. வெண்ணெய் களவில் அகப்பட்ட கண்ணன் அஞ்சினான் என்பது எங்ஙனம் கூடும் என்ற நெடுநாள் ஐயம் இன்று தீர்ந்தது என்று எம்பெருமானார் அருளினாராம். திருவாய்மொழி முதற்பத்து மூன்றாம் திருவாய்மொழியின் வ்யாக்யானத்தை ஒட்டிப் பெரியோர் சொல்லும் ஐதிஹ்யம் இது. பின்னர் அந்த நம்பியும் ஒரு நித்யம் இயற்றினார். தேசிகன் அதை ஆதரித்து எடுத்தாள்கிறார்.

இக்காலக் கையேடுகள் சிலவற்றில் ஆராதனம் பாத்திரம் அமைப்பதிலிருந்தே தொடங்குகிறது. அர்க்யத்துக்கு எது வலம், பாத்யத்துக்கு எது இடம் என்று படம் வரைந்து காட்டியவர்கள், அவ்வளவுக்கும் முன் நிற்கும் அந்த ஒரு வாக்யத்தை விட்டுவிட்டனர். மறுபதிப்பு வெளியிடுவோர் அதனை மூலத்தோடும் தமிழ்ப் பொருளோடும் முதற்பக்கத்தில் சேர்த்தால் போதும். படங்கள் பின்னே வரட்டும்.