பொன்முடிக்கு ஒரு பாலியோ

இத்தாலியின் சியன்னா நகரச் சதுக்கத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில், சேணமில்லாக் குதிரைகள் மூன்று சுற்று ஓடும். சவாரிக்காரர் விழுந்தாலும் சரி, முதலில் வரும் குதிரைக்கே வெற்றி. அந்தப் பந்தயத்தின் பெயர் பாலியோ.

2001இல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் ஹேட்ச்பேக்குக்கும் அதே பெயர். அதில் 1.6 ஜி.டி.எக்ஸ். வகைக்கு 100 குதிரைத்திறன். அன்றைய சின்னக் கார்களில் அது அடாத பலம். பெட்ரோலையும் அப்படியே குடித்தது. கணக்குப் பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள். வளைவுப் பித்துப் பிடித்தவர்கள் வாங்கினார்கள்.

திருவனந்தபுரத்தில் கே.எல்.01 எண்ணோடு ஒன்று விலைக்கு வந்தது. ஆசானைக் கூட்டிப் போனேன். (தெற்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவர் பெயின்டைப் பார்க்கவேயில்லை. படுத்துக்கொண்டு அடித்தகட்டின் துருவை விரலால் சுரண்டினார், சஸ்பென்ஷன் புஷ்களை அழுத்தினார்.

“டைமிங் பெல்ட் எப்ப மாத்துனது?”

விற்பவர் தலையைச் சொறிந்தார். விலை இறங்கியது. வாங்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலை ஏற்றத்தில் 22 கொண்டையூசி வளைவுகள். பந்தய ஆசையெல்லாம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான். இங்கே எந்த வளைவிலும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் எதிரே வரலாம். நிதானமாகப் போனாலே போதும். இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளிவரும்போது எஞ்சின் தொண்டையைத் திறக்கும். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் சாலையின் சரளைகூட உள்ளங்கைக்குத் தெரியும்.