தேதி கொடுக்கும் நடுவர்

"அய்யா, சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு தேதி குடுக்கணும்." கம்பம், சின்னமனூர்ப் பக்கத்து விழாக் கமிட்டியார் மதுரையில் இருக்கும் பட்டிமன்ற நடுவருக்குப் போன் போட்டு இப்படித்தான் நிகழ்ச்சியைப் பேசி முடிக்கிறார்கள். இதற்குத் தனி ஏஜென்சி தேவையில்லை. பெரும்பாலும் நடுவரே ஏஜென்சி. அணிக்கு இரண்டு மூன்று பேர். யாருக்கு அந்தத் தேதி ஒத்துவரும், யாருக்கு எதிரே யாரை நிறுத்தினால் வாதம் சூடுபிடிக்கும், முடித்துவைக்க யார், எல்லாம் அவர் கணக்கு. அட்வான்ஸ், வண்டி வாடகை, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி வந்துசேரும் நேரம் எல்லாம் அதில் அடக்கம்.

இந்த மேடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1939-இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் இலக்கியப் பட்டிமன்றத்தை வளர்த்தது. சாலமன் பாப்பையா போன்றவர்கள் அதை வீட்டு விவகாரங்களோடு ஊர்த் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். 2021-இல் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் தொழிலில் இறங்குபவர்கள் கற்கவேண்டிய கலை, நடுவர் போடும் இந்தக் கணக்கு. ஆளை அனுப்பினால் மட்டும் போதாது. ஊரறிந்து ஜோடி சேர்க்க வேண்டும். திராட்சைத் தோட்டக்காரரும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் பெண்களும் நள்ளிரவுவரை எழாமல் கேட்பது அந்தப் பொருத்தத்துக்காகத்தான்.