நரம்புக்குக் காவல்: சேர்ப்பதிலா, குறைப்பதிலா?

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்புவலி வந்தது என்று சொல்லும் பெண்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தொடரும் அந்த வலிக்கு ஊசியைக் குற்றவாளியாக்க வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்கு நரம்பணுவைக் கொல்லும் குணம் உண்டு என்பது வேறு சங்கதி. அது மெய்; நடப்பது மிக அரிது, அவ்வளவுதான்.

அந்த நச்சிலிருந்து நரம்பைக் காக்க மருத்துவம் இரண்டு வழிகளில் போயிருக்கிறது. ஒன்று, மரப்பு மருந்தோடு இன்னொரு காவல் மருந்தைச் சேர்ப்பது. மற்றது, மரப்பு மருந்தின் அளவையும் செறிவையும் குறைப்பது, அது ஓரிடத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்வது. ஆய்விதழ்களில் முதல் வழிக்குத்தான் மவுசு. நோயாளிகளைக் காப்பாற்றியது, என் கணிப்பில், இரண்டாவது வழி.

1991இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அறிக்கையிலிருந்து தொடங்கலாம். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, தேவைக்கேற்ப மருந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும் முறை அப்போது பரவிவந்தது. அம்முறையில் மருந்து பெற்ற நான்கு நோயாளிகளுக்கு, தண்டுவடத்தின் கீழ் முனையில் குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கொத்து பழுதானது. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறும், இடுப்பைச் சுற்றி உணர்வு போகும் நிலை அது. பெரும்பாலோருக்குச் செலுத்தப்பட்டது 5 சதவீத 'ஹெவி' லிக்னோகெயின், அதாவது சர்க்கரைக் கரைசல் சேர்த்துக் கனமாக்கிய மருந்து. மயிரிழை போன்ற குழாயின் வழியே மெதுவாக இறங்கிய அது நீரில் கலக்காமல், ஆற்றாத காபியில் சர்க்கரை டம்ளர் அடியில் தங்குவதுபோல், கீழேயே தேங்கியது. மரப்பு மேலே ஏறவில்லையே என்று மருத்துவர் மேலும் மருந்து செலுத்தினார். அதுவும் அதே இடத்தில் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்டிக்கில் முதுகெலும்பு மாதிரி செய்து பார்த்தபோது இந்தத் தேக்கம் கண்ணுக்கே தெரிந்தது. 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நுண்குழாய்களைச் சந்தையிலிருந்து விலக்கியது.

இதிலிருந்து பிறந்த நடைமுறை விதி எளியது. முதல் ஊசி சரியாகப் பிடிக்காமல் இரண்டாவது போட நேர்ந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே ஊசியில் கொடுக்கத்தக்க உச்ச அளவைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டிவந்தால் வேறு மயக்க முறைக்குப் போய்விட வேண்டும். இன்று நம் அறுவை அரங்குகளில் கனமான புபிவகெயின் 4 மில்லி ஆம்பூலாக வருகிறது. சிசேரியனுக்கு அதில் சுமார் 2 மில்லியை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அந்த மிச்சம்தான் காவல் என்று சொல்லலாம்.

ஆய்வுக்கூடத்தை இதனால் மட்டம் தட்டிவிட முடியாது. அடிப்படையான ஒன்றை அது தெளிவாக்கியது. மரப்பு மருந்து வேலை செய்வது நரம்பின் சோடிய வாயில்களை அடைத்து. நச்சும் அதே வழியில்தான் வருகிறதோ என்ற சந்தேகம் இருந்தது. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினும் அதே வாயில்களைத்தான் அடைக்கிறது. எலியின் தண்டுவட நீரில் அதைச் செலுத்தியபோது மரப்பு வந்தது, லிக்னோகெயின் விளைவித்த பழுது வரவில்லை. ஆக, மரத்துப்போவது வேறு, அணு சாவது வேறு. மருந்தின் செறிவு கூடும்போது அணுவுக்குள் கால்சியம் பெருகுகிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது, அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் தொடர்வினை தொடங்குகிறது. செறிவு இன்னும் மிஞ்சினால் சோப்பு எண்ணெயைக் கரைக்கும் அதே வேதிக் குணத்தோடு அணுச் சவ்வே சிதைகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தடுப்பு மருந்தை வைத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை. லித்தியம், மெலடோனின், டெக்ஸாமெதசோன், டெக்ஸ்மெடிடோமிடின் என்று வரிசையாக வந்தன. எல்லாமே ஏதோ ஒரு சோதனையில் நரம்பணுவைக் காத்திருக்கின்றன. எனக்கு இடிப்பது இங்கேதான். அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை தட்டில் வளர்க்கும் நரம்புப் புற்று அணுக்களில் நடந்தவை. அவற்றுக்கு மயலின் உறை இல்லை, சுற்றி இரத்த ஓட்டம் இல்லை, மருந்தை அடித்துச் செல்லும் நீரோட்டமும் இல்லை. மணிக்கணக்கில் மருந்தில் ஊறிக் கிடக்கும் அணுவுக்கும், சில மணி நேரத்தில் மருந்து கலைந்துவிடும் மனித நரம்புக்கும் இடையே தூரம் அதிகம். போதாததற்கு, மனிதரில் நிலையான பழுது அரிதாக இருப்பதால், ஒரு காவல் மருந்து உண்மையில் காக்கிறதா என்று நிறுவப் பெருந்தொகை நோயாளிகள் வேண்டும். அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. டெக்ஸாமெதசோனும் டெக்ஸ்மெடிடோமிடினும் மரப்பை நீட்டிக்கின்றன. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதற்காகப் பயன்படுத்தட்டும். 'நரம்பையும் காக்கும்' என்று கருத்தரங்கில் ஒரு வரி சேர்ப்பதுதான் கூடாது.

எதைக் குற்றவாளி என்பது, எதைக் காவலன் என்பது என்பதிலேயே இத்துறை ஒருமுறை தலைகீழாகப் போயிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் பெருமளவு போய்விட்ட குளோரோபுரோகெயின் என்ற மரப்பு மருந்தால் சிலருக்கு நரம்பு பழுதானது. பழி அதில் இருந்த சோடியம் பைசல்பைட் என்ற பாதுகாப்புப் பொருள்மேல் விழுந்தது. 2004இல் எலிகளில் பிரித்துச் சோதித்தபோது பழுதைச் செய்தது குளோரோபுரோகெயின்தான் என்று தெரிந்தது. பைசல்பைட் அந்தப் பழுதைக் குறைக்கவும் செய்தது. அதே குளோரோபுரோகெயின் இன்று பாதுகாப்புப் பொருள் இல்லாமல், சிறு அளவில், குறுகிய அறுவைகளுக்கு முதுகில் போடப்படுகிறது; அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. மருந்து மாறவில்லை, அளவு மாறியது.

அளவைக் குறைக்கும் வழிக்கும் ஓட்டைகள் உண்டு. 1993இல் ஹெவி லிக்னோகெயின் பெற்ற நால்வருக்குப் பிட்டத்திலும் தொடையிலும் வலி வந்து சில நாட்களில் தணிந்தது. மருந்தை 2 சதவீதமாகக் கரைத்துக் கொடுத்தாலும் அந்த வலி குறையவில்லை என்று பின்னர் தெரிந்தது. அது நரம்பு நச்சுதானா என்பதே இன்னும் முடியாத வழக்கு. நுண்குழாய்த் தடையால், தளர்ந்த முதியவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து தரும் நல்ல வசதி ஒன்றும் ஒதுங்கிப்போனது. அளவை மிகக் குறைத்தால் ஊசி பிடிக்காமல் போகும். பிடிக்காத ஊசிதான் இரண்டாவது ஊசியை அழைக்கும், 1991இன் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது.

நமக்கு மிக நெருங்கிய ஓட்டை சர்க்கரை நோய். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளின் நரம்பு, அதே மருந்துக்கு அதிகம் பழுதாவது 1992லேயே காட்டப்பட்டது. காலில் புண் வந்து விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலையில் வருபவருக்கு இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். முழு மயக்கம் ஆபத்து என்பதால் அவருக்குத்தான் நரம்பு மரப்பு அதிகம் தரப்படுகிறது. செறிவைக் குறைக்கலாம், இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் அட்ரினலினைத் தவிர்க்கலாம் என்று பல மருத்துவர்கள் நடந்துகொள்கிறார்கள். அது விவேகம், ஆனால் மனிதரில் எவ்வளவு குறைத்தால் போதும் என்ற அளவு வகுக்கப்படவில்லை. காவல் மருந்து தேடும் உழைப்பில் பாதியை இதற்குத் திருப்பினாலே நம் ஊர் நோயாளிக்குப் பயன்.

அறுவைக்குப் போகிறவர் செய்யக்கூடியது இரண்டு. காலில் ஏற்கெனவே எரிச்சலோ மரமரப்போ இருந்தால் ஊசிக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவர் சொன்ன நேரம் கடந்தும் கால் உணர்வு திரும்பவில்லை, பிட்டத்தைச் சுற்றி மரத்தே இருக்கிறது, சிறுநீர் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே செவிலியரைக் கூப்பிடுங்கள். அது நரம்பை அழுத்தும் இரத்தக் கட்டாகவும் இருக்கலாம். இரத்தக் கட்டு என்றால் சில மணி நேரத்துக்குள் அகற்றினால்தான் கால் மீளும்.